சிவப்புக் குழாயும் பச்சைக் குழாயும்

"தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே" என்பது நம் முன்னோர் சொல்லிப் போன வாக்கு. ஆனால் ஒரு தேசத்துச் சர்க்கார் ஊர் ஊராக ஆட்களை அனுப்பி, வீட்டு முற்றங்களிலே நின்ற அடிகுழாய்களின் மூக்கில் சிவப்புச் சாயம் பூசி, "இந்தத் தண்ணீரைக் குடிக்காதே!" என்று பழிக்கும்படி நேர்ந்தது. இது நடந்த இடம் நமக்கு அயலிலுள்ள வங்காள தேசம். நடந்த காலம் 2000-ம் ஆண்டிலிருந்து சுமார் 2003-ம் ஆண்டு வரையில். பழிக்கப்பட்ட தண்ணீர் எப்படிப்பட்டது தெரியுமா? "குளத்து நீரைத் தொடாதீர்கள், இதைத்தான் குடிக்க வேண்டும்" என்று அதே ஜனங்களிடம் ஒரு தலைமுறைக் காலம் இடைவிடாமல் பிரசாரம் செய்து கொடுக்கப்பட்ட தண்ணீர்!

கிராமவாசிகளுக்கு நல்ல குடிநீர் கொடுப்பதைப் பற்றிப் பேச்சு வரும் போதெல்லாம் பட்டணத்துத் திண்ணைகளிலும் காரியாலயங்களிலும் ஒரு வாக்கியம் தவறாமல் நம் காதில் விழுகிறது. "அவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் பிரயோஜனமில்லை, ஸார்! கொடுத்த கருவியை மூலையிலே போட்டுவிட்டுப் பழைய குட்டைக்கே போவார்கள்" என்பதுதான் அது. கேட்பதற்கு அநுபவ ஞானம் போலத் தோன்றும் இந்த அபிப்பிராயத்தில் பாதி உண்மை இருக்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவிகள் மூலையிலே தூசி படிந்து கிடப்பது பல தேசங்களில் கண்ட காட்சிதான். ஆனால் அவை ஏன் மூலைக்குப் போயின என்பதை விசாரியாமல் ஜனங்களின் அறியாமை மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபமான தீர்ப்பு. வங்காள தேசத்துக் கிராமங்களின் கதை இந்த விசாரணைக்கு மிகவும் உதவக் கூடியது. ஏனென்றால், அங்கே ஒரு புதிய சாதனத்தை ஜனங்கள் இரு கைகளாலும் அணைத்துக் கொண்டார்கள். வேறு சில சாதனங்களைத் தள்ளி விட்டார்கள். இரண்டையும் செய்தவர்கள் அதே ஜனங்கள்தான்.

* * *

வங்காள தேசத்தைத் தண்ணீரின் மேல் மிதக்கும் தேசம் என்றே சொல்லலாம். கங்கை, பிரம்மபுத்திரை, மேக்னா ஆகிய மூன்று மகாநதிகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலினால் ஆன பூமி அது. வெள்ளத்துக்கு அஞ்சி வீடுகளை மேட்டின் மீது கட்டுவார்கள். மேடு போட மண் எடுத்த பள்ளமே குளமாகும். அந்தக் குளத்திலேயே குளிப்பதும், துணி துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும், மாடு கழுவுவதும். குடிக்க மொண்டு வருவதும் பெரும்பாலும் அதிலிருந்தோ அல்லது அதைப் போன்ற மற்றொரு குளத்திலிருந்தோதான். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் அந்தக் கிராமங்களுக்கு வருஷந்தோறும் வரும் விருந்தாளிகள். குழந்தையைப் பறிகொடுக்காத தாய் அபூர்வம் என்னும்படியான நிலைமை.

1971-ல் தேசம் சுதந்திரமடைந்த பிறகு, சர்க்காரின் பொது ஜன சுகாதார எஞ்சினீயரிங் இலாகாவும், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் ஸ்தாபனமான யூனிஸெபும் சேர்ந்து குழாய்க் கிணறுகளைப் பெரிய அளவில் போடத் தொடங்கின. அதற்கு முன்பும் குழாய்க் கிணறு அந்தப் பிரதேசத்தில் உண்டு. ஆயினும் அது மூலை முடுக்கெல்லாம் பரவியது அதன் பிறகுதான். மேல் மட்டத்து நீரில் கிருமி உண்டு. மண்ணுக்குள்ளே ஆழத்திலிருந்து வரும் நீர் மண்ணினாலேயே வடிகட்டப்பட்டுச் சுத்தமாயிருக்கும் என்பது இத்திட்டத்தின் தத்துவம். கிருமிகளைப் பொறுத்த வரையில் இந்தத் தத்துவத்தில் பிழையில்லை.

கிணறு இறக்கும் முறையைக் கேட்டால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். யந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நாலு மூங்கிலால் ஒரு சாரம் கட்டுகிறார்கள். ஓர் இரும்புக் குழாயை நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். ஒருவன் சாரத்தின் மேல் ஏறிக் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடுவதும் திறப்பதுமாக இருக்கிறான். கீழே இருப்பவர்கள் நீண்ட மூங்கிலை நெம்புகோலாகக் கொண்டு குழாயை ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் சேறும் மணலும் கலந்த தண்ணீர் குழாய் வாயிலிருந்து பீறிட்டு வருகிறது. குழாய் சிறிது சிறிதாகப் பூமிக்குள் இறங்குகிறது. மிருதுவான வண்டல் பூமியானபடியால் ஓரிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். அப்புறம் மேலே ஒரு வார்ப்பிரும்பு அடிகுழாயைப் பொருத்திவிட்டால் தீர்ந்தது. இவ்வளவையும் செய்கிறவன் உள்ளூர் மிஸ்திரி. நாளைக்குத் தோல் வளையம் தேய்ந்து போனால் மாற்றிக் கொடுப்பவனும் அவனே. அது கிடைக்கும் இடம் அடுத்த ஊர்ச் சந்தை.

ஜனங்கள் இதை ஏற்றுக்கொண்டதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. கிருமி சாஸ்திரத்தைப் படித்து அவர்கள் குழாய்க் கிணற்றுக்கு மாறவில்லை. கிணறு வீட்டு முற்றத்துக்கே வந்தது. குடத்தை இடுப்பில் ஏந்திச் சேற்றில் நடக்கும் உபத்திரவம் ஒழிந்தது. கோஷா வழக்கமுள்ள குடும்பத்து ஸ்திரீகள் அந்நியர் கண்ணில் படாமல் தண்ணீர் எடுக்க முடிந்தது. விலையோ கொஞ்சம் கடன் வாங்கினால் எட்டக் கூடியதாக இருந்தது. முற்றத்தில் அடிகுழாய் இருப்பது குடும்பத்துக்கு ஒரு கௌரவமாகவும் ஆயிற்று. சர்க்கார் போட்டவை ஒரு பங்கு என்றால், ஜனங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் போட்டுக் கொண்டவை பல பங்கு. தேசம் முழுவதிலும் சுமார் ஒரு கோடிக் குழாய்க் கிணறுகள் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியார் கிணறுகள். 2000-ம் ஆண்டுக்குள் ஜனத்தொகையில் நூற்றுக்கு எண்பது பேருக்கு நல்ல குடிநீர் என்ற குறியை 1997-லேயே தாண்டிவிட்டதாக யூனிஸெப் அறிவித்தது.

1960-ல் அங்கே பிறந்த ஆயிரம் சிசுக்களில் 151 சிசுக்கள் ஒரு வயது நிறையுமுன் மாண்டன. 1996-ல் அந்தத் தொகை 83 ஆகக் குறைந்திருந்தது. இதற்குத் தடுப்பூசியும், உப்புச் சர்க்கரைக் கரைசலும், பெண் கல்வியும், இன்னும் பலவும் காரணம். குழாய்க் கிணறும் அவற்றில் ஒன்று. கிராமத்து ஜனங்கள் புதியதை ஏற்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்கள், ஒரு கோடி அடிகுழாய்களையும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்!

* * *

இனித்தான் கதையின் துயரமான பகுதி.

1983-ம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள உஷ்ணப் பிரதேச வைத்தியக் கலாசாலையில் தோல் வியாதி நிபுணராயிருந்த டாக்டர் கே. சி. ஸாஹா, மேற்கு வங்காளக் கிராமங்களிலிருந்து வந்த சில நோயாளிகளைப் பரிசோதித்தார். மேனியெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்துக் கொட்டை கொட்டையான முண்டுகள். இது ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் உடம்பில் ஏறியதன் அடையாளம் என்று அவர் கண்டார். விஷம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அது அவர்கள் குடித்த குழாய்க் கிணற்று நீரில் இருந்தது. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் மண் ஒன்றுதானே? 1993-ல் வங்காள தேசத்தின் மேற்கு ஓரத்திலுள்ள சாப்பாய் நவாப்கஞ்சு ஜில்லாவின் கிணற்று நீரிலும் ஆர்ஸெனிக் இருப்பது ருசுவாயிற்று. ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய சகாக்களும் பல்லாயிரம் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து உலகத்தின் காதில் விழும்படி இந்த விஷயத்தை முழக்கினார்கள்.

இந்த விஷத்தை யாரும் கலக்கவில்லை. இமயமலைப் பாறைகளிலிருந்து கரைந்து வந்த மண்ணில், இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு ஆர்ஸெனிக் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. காற்றுப் படாத ஆழத்தில், மண்ணில் புதைந்த தழைகளும் பிற மக்கும் பொருள்களும் அழுகும்போது அந்தத் துரு கரைகிறது. அதோடு ஆர்ஸெனிக்கும் நீரில் கலக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கலப்பதில்லை. ஒரு முற்றத்துக் கிணறு அமிர்தமாயிருக்க, முப்பது அடி தள்ளி உள்ள அடுத்த முற்றத்துக் கிணறு விஷமாயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கு ருசி தெரியாது, மூக்குக்கு வாசனை தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷத்தின் செறிவு ஏறவே செய்யும்.

கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைக்கும் வித்தை நம் பாட்டிமார் அறிந்தது. தெளிந்த தண்ணீரே நல்ல தண்ணீர் என்பது எல்லாத் தேசத்துத் தாய்மாரும் நம்பி வந்த இலட்சணம். அந்த இலட்சணமே இங்கே மோசம் செய்துவிட்டது! குளத்து நீரைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு தெளிவாயிருந்த தண்ணீரிலே அல்லவா விஷம் இருந்தது?

வங்காள தேசத்துச் சர்க்கார் ஒரு லிட்டர் நீரில் 50 மைக்ரோகிராம் ஆர்ஸெனிக் வரையில் பாதகமில்லை என்று எல்லை வகுத்திருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லை இன்னும் கண்டிப்பானது: 10 மைக்ரோகிராம்தான். ஐம்பது மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் சுமார் ஆயிரத்து முந்நூறு குடம் தண்ணீர் மொண்டால், அவ்வளவிலும் சேர்ந்து ஒரே ஒரு கிராம் பாஷாணம்! அதைப் பத்து வருஷம், இருபது வருஷம் தினந்தோறும் குடித்து வந்தால் தோலும், நுரையீரலும், மூத்திரப் பையும் புற்றுநோய்க்கு ஆளாகின்றன, இருதயமும் கெடுகிறது. 1998, 1999-ம் ஆண்டுகளில் தேசத்தின் பெரும் பகுதியில் எடுத்த பரிசோதனையில், 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் நூற்றுக்கு இருபத்தேழு, ஐம்பது மைக்ரோகிராம் எல்லையைத் தாண்டியிருந்தன. அதைவிட ஆழமான கிணறுகளில் அவ்வாறு தாண்டியவை நூற்றுக்கு ஒன்றுதான். அப்போது தேசத்தின் ஜனத்தொகை சுமார் பன்னிரண்டரைக் கோடி. அதில் மூன்றரைக் கோடியிலிருந்து ஏழே முக்கால் கோடி வரையில் ஜனங்கள் அபாயத்தில் இருப்பதாக 2000-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரை மதிப்பிட்டது.

வியாதியை விடக் கொடியது அதைச் சூழ்ந்த அவமானம். கையில் முண்டு கண்டவரைக் குஷ்டரோகி என்று எண்ணி ஒதுக்கினார்கள். கல்யாணமாக வேண்டிய பெண்களுக்கு வரன் வருவது நின்றது. கல்யாணமானவர்களில் சிலரைப் பிறந்தகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். சாபம் என்றனர் சிலர். பாபம் என்றனர் சிலர். குடும்பத்துக்குக் கௌரவமாக முற்றத்தில் நின்ற அடிகுழாய்தான் காரணம் என்று நினைக்க யாருக்குத் தோன்றும்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நியாயஸ்தலம் வரையில் சென்றது. 1992-ல் பிரிட்டிஷ் பூகர்ப்ப ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் வங்காள தேசத்தின் சில பகுதிகளில் கிணற்று நீரைப் பரிசோதித்தபோது, பல மூலகங்களைத் தேடினார்கள், ஆர்ஸெனிக்கைத் தேடவில்லை. நோய்வாய்ப்பட்ட கிராமவாசி ஒருவர் இதற்காக இங்கிலாந்தில் வழக்குத் தொடர்ந்தார். அந்த ஸ்தாபனத்துக்கு அவரிடம் சட்டப்படியான கடமை எதுவும் கிடையாது என்று 2006-ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் "இது நல்ல தண்ணீர்" என்று ஒரு வார்த்தையை ஏழை வீட்டு வாசலில் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த வழக்கைப் பற்றி ஒரு கணம் யோசிக்க வேண்டியதே.

* * *

பிறகு சாயம் பூசும் காலம் வந்தது. சர்க்கார் ஆட்கள் சிறு பரிசோதனைப் பெட்டியுடன் கிராமங்களுக்குள் சென்று, ஏறக்குறைய ஐம்பது லட்சம் கிணறுகளின் நீரைச் சோதித்தார்கள். எல்லைக்குட்பட்ட குழாய்க்குப் பச்சை. மீறிய குழாய்க்குச் சிவப்பு. நூற்றுக்கு இருபத்தொன்பது குழாய்கள் சிவப்பாயின. சிவப்புக் குழாயில் துவைக்கலாம், குளிக்கலாம். குடிக்கவும் சமைக்கவும் கூடாது. எழுத்தறியாதவருக்கும் விளங்கக் கூடிய எளிய ஏற்பாடுதான்.

நேற்று வரையில் "குடி, குடி" என்றவர்கள் இன்று "குடிக்காதே" என்கிறார்கள். ஜனங்கள் என்ன செய்தார்கள்? "போங்கள் ஐயா, உங்கள் பேச்சே வேண்டாம்!" என்று கதவைச் சாத்தியிருந்தால்கூட நாம் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. டாக்காவுக்குக் கிழக்கே அராய்ஹாஜார் என்னும் பிரதேசத்தில், அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையார் 2000-ம் ஆண்டு முதல் உள்நாட்டு ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து சுமார் ஆறாயிரம் கிணறுகளைச் சோதித்து, ஒவ்வொரு வீட்டாருக்கும் அவரவர் கிணற்றின் நிலைமையைச் சொன்னார்கள். தன் கிணறு கெட்டது என்று தெரிந்த குடும்பம் ஒரு வருஷத்துக்குள் வேறு கிணற்றுக்கு மாறும் வாய்ப்பு, தெரியாத குடும்பத்தைக் காட்டிலும் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு அதிகமாயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படி மாறியவர்கள் தண்ணீருக்காகச் செலவிட்ட நேரம் முன்னைவிடப் பதினைந்து மடங்காயிற்று! யாரும் அவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவுமில்லை. உண்மையை வீட்டு வாசலில் வந்து சொன்னதற்கு அவர்கள் கொடுத்த பதில் இது. மாறியவர்களின் சிறுநீரைப் பரிசோதித்தபோது ஆர்ஸெனிக் அளவு இறங்கியிருப்பதும் தெரிந்தது.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் மாறவில்லை? அதே பிரதேசத்தில் நூறு மீட்டர் தூரத்துக்குள் ஒரு நல்ல கிணறு உள்ளவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சமீபம். நூறு மீட்டர் பட்டணத்தாருக்கு ஒரு தூரமா என்று தோன்றலாம். ஆனால் அது நாலு முற்றங்களைக் கடந்து செல்லும் தூரம். எதிர் வீட்டுடன் வரப்புச் சண்டை இருக்கும். மருமகள் அந்நிய வீட்டு முற்றத்தில் தினம் நாலு தடவை நிற்பது மாமியாருக்குப் பிடிக்காது. இன்று முகம் மலர்ந்து குடம் நிரப்பச் சொன்ன அண்டை வீட்டம்மாள், பத்தாம் நாள் முகத்தைச் சுளிப்பாள். நோயோ வருவதற்குப் பல வருஷம் ஆகும். சுளித்த முகம் இன்றைக்கே தெரிகிறது. இப்படி நின்று போன ஒரு ஸ்திரீயை அறியாதவள் என்று சொல்வோமா? அவளுடைய நிலையில் நாம் இருந்தால் எவ்வளவு நாள் நடந்திருப்போம் என்று நம்மையே கேட்டுக் கொள்வது நல்லது.

நின்று போனதன் விலையும் மிகப் பெரியது. அதே பிரதேசத்தில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த வைத்திய ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. அந்தக் காலத்தில் நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆர்ஸெனிக்கின் கணக்கில் சேரும் என்பது அதன் முடிவு.

இதிலே இன்னொரு சங்கடமும் உண்டு. முற்றத்துக் கிணற்றை விட்டுத் தூரத்துக் கிணற்றுக்குப் போன குடும்பங்களில் குழந்தை மரணம் அதிகரித்ததாகப் பொருளாதார நிபுணர்கள் சிலர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து கொண்டு வரும் நீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். நெடுநேரம் பானையில் வைத்திருக்க வேண்டும். அதில் கை படும், கிருமி சேரும். பாஷாணத்துக்குத் தப்பிய வீட்டில் பழைய விருந்தாளி நுழைந்துவிடுகிறான். ஆகவே, தண்ணீர் சமீபத்தில் இருப்பது சோம்பேறிகள் கேட்கும் சுகம் அல்ல. அதுவும் ஆரோக்கியத்தின் ஓர் அங்கமே.

* * *

சிவப்புக் குழாய்க்காரர்களுக்கு மாற்றாகப் பல சாதனங்கள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பானைகளை அடுக்கி, இரும்புச் சீவலும் மணலும் கரியும் இட்டு வடிகட்டும் முறை ஒன்று. அதைச் சீர்படுத்தி, வங்காள தேசத்தவரான ரஸாயனப் பேராசிரியர் அபுல் ஹுஸ்ஸாம் அமைத்த 'ஸோனோ' என்னும் வடிகட்டி மற்றொன்று. இதற்கு 2007-ல் அமெரிக்க தேசிய எஞ்சினீயரிங் கழகத்தார் பத்து லட்சம் டாலர் பரிசளித்தார்கள். கடலோரக் கிராமங்களில் குளத்து நீரை மணற் படுகை வழியே செலுத்தி எடுக்கும் தொட்டிகள் கட்டினார்கள். பழைய மாதிரி உறை கிணறுகளும் வெட்டினார்கள். மழை நீரைச் சேமித்தார்கள்.

ஒவ்வொன்றும் ஆராய்ச்சிசாலையில் பரீட்சையில் தேறியதுதான். ஆனால் வீட்டிலே வேறொரு பரீட்சை இருக்கிறது. வடிகட்டி சொட்டுச் சொட்டாக விட்டால், சாயங்காலம் உலை வைக்கும் நேரத்தில் என்ன செய்வது? அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? உள்ளேயுள்ள சரக்கு தீர்ந்து விஷத்தை விட்டுவிடத் தொடங்கினால் எப்படித் தெரியும்? ஊர்ப் பொதுத் தொட்டியின் மணலை மாதா மாதம் யார் சுரண்டிச் சுத்தம் செய்வது? அடிகுழாய்க்கு மிஸ்திரி இருந்தான். சந்தையில் தோல் வளையம் இருந்தது. இந்தப் புதிய கருவிகள் பலவற்றுக்கு, கொடுத்துவிட்டுப் போன உத்தியோகஸ்தரைத் தவிர வேறு நாதி இல்லை. அவரும் திட்டம் முடிந்ததும் போய்விட்டார். கருவி மூலைக்குப் போயிற்று. பழி மட்டும் கிராமவாசியின் தலையில் விழுந்தது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் அதே தேசத்தில் இருக்கிறது. மத்லப் என்னும் நதிக்கரைப் பிரதேசத்தில் இன்னும் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வந்தவர்களுக்காக, அமெரிக்க விஞ்ஞானியான ரீடா கால்வெல் அம்மையாரும், அன்வர் ஹக் முதலிய சகாக்களும், டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். வாந்திபேதிக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வது. அந்தப் பிராணிகளைத் தடுத்தால் கிருமியில் பெரும் பகுதியைத் தடுத்துவிடலாம். தடுப்பதற்கு எது வேண்டும்? பழைய பருத்திப் புடவை! துவைத்துத் துவைத்து இழை நெருங்கிய புடவையை எட்டு மடிப்பாகும்படி மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை மொண்டால் போதும். அறுபத்தைந்து கிராமங்களில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடையே நடத்திய இந்தப் பரீட்சையின் முடிவு 2003-ல் வெளியாயிற்று. வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. திட்டமாகச் சொன்னால் நூற்றுக்கு நாற்பத்தெட்டு பங்கு.

புடவை ஆர்ஸெனிக்கைத் தடுக்காது. அது வேறு வியாதி, இது வேறு வியாதி. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்ட விதத்தையே. பானத்தில் விழுந்த தூசியையும் பூச்சியையும் புடவைத் தலைப்பால் வடிகட்டுவது அந்த வீடுகளில் முன்பே உள்ள பழக்கம். புதிதாக வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, ரிப்பேர் என்பதுமில்லை. ஸ்திரீகளின் கையில் இருந்த வித்தைக்கே, 'இன்னும் சில மடிப்பு சேர்த்துக் கொள்ளுங்கள்' என்று விஞ்ஞானம் பணிவாக ஒரு யோசனை சொன்னது. அவ்வளவுதான்.

ஆயினும் ஐந்து வருஷம் கழித்து அங்கே சென்று பார்த்தபோது, கற்றுக்கொண்ட ஸ்திரீகளில் நூற்றுக்கு முப்பத்தொன்று பேரே இன்னும் வடிகட்டி வந்தார்கள். அவர்களிலும் சிலர் மடிப்பைக் குறைத்து விட்டார்கள். இதைத் தோல்வி என்று சொல்வதற்கில்லை. இடைக் காலத்தில் ஒருவரும் வந்து விசாரியாமலே மூன்றில் ஒருவர் விடாமல் செய்து வந்தது நல்ல பலன்தான். ஆனால் மிகவும் சுலபமான, மிகவும் மனத்துக்கு உகந்த சாதனத்துக்குக் கூட, வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரேனும் வந்து, "எப்படியம்மா நடக்கிறது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

* * *

வங்காள தேசத்திலும் கடைசியில் தவறிப்போனது இந்தக் கேள்விதான். சிவப்புச் சாயமும் பச்சைச் சாயமும் மழையிலும் வெயிலிலும் சில வருஷங்களில் வெளுத்துப் போயின. மிஸ்திரிகள் புதுக் கிணறுகளை இறக்கிக் கொண்டே இருந்தார்கள். அவற்றில் மிகப் பலவற்றைச் சோதிப்பவர் இல்லை. ஆழக் கிணறு நல்ல மருந்து என்பது தெரிந்த விஷயம். அதற்குச் செலவு அதிகமாதலால் சர்க்கார்தான் போட வேண்டும். போடவும் போட்டார்கள். ஆனால் எங்கே போட்டார்கள்? மனித உரிமைக் கண்காணிப்பு ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட அறிக்கையில், அத்தகைய கிணறுகள் பல, விஷம் மிகுந்த இடங்களை விட்டுவிட்டு, அரசியல் செல்வாக்குள்ளவர்களுக்கு வேண்டியவர்களின் வீட்டு முற்றத்தில் போய் நின்றன என்று குற்றம் சாட்டியது. சுமார் இரண்டு கோடி ஜனங்கள் அப்போதும் விஷ நீரைக் குடித்து வந்ததாகவும் அது கூறிற்று. பொதுப் பணத்தில் போட்ட கிணறு செல்வாக்குள்ளவரின் வேலிக்குள் இருந்தால், ஏழை வீட்டு மருமகள் அங்கே குடத்தோடு போவாளா? அவள் போகாததைக் கண்டு, "ஜனங்கள் ஏற்கவில்லை" என்று ஒருவர் குறிப்பெழுதினால், அதைவிடப் பெரிய அநியாயம் உண்டா?

ஆகவே, நமக்குத் தோன்றுவது இதுதான். நல்ல தண்ணீர்ச் சாதனத்தைக் கிராமத்தார் ஏற்கிறார்களா என்பது கேள்வியில் ஒரு பாதி. கொடுத்தவர்கள் அதை மறுபடியும் வந்து பார்க்கிறார்களா என்பது மற்றப் பாதி. வங்காள தேசத்து ஜனங்கள் தங்கள் பாதியை நிறைவேற்றினார்கள். முதலில் குளத்தை விட்டார்கள். சொந்தப் பணத்தைப் போட்டுக் குழாயை இறக்கினார்கள். அது விஷம் என்று தெரிந்ததும் பதினைந்து மடங்கு நேரம் செலவழித்து நடந்தார்கள். சொல்லிக் கொடுத்தால் புடவையை எட்டாக மடித்தார்கள். மற்றப் பாதிக்குத்தான் ஆள் இல்லாமற் போயிற்று.

நம் நேயர்களில் பலர் சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள். பலர் தர்ம ஸ்தாபனங்களுக்கு உதவுகிறவர்கள். சிலர் தாம் பிறந்த கிராமத்துக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள். யாராவது வந்து, "இந்த ஊருக்கு ஒரு சுத்த நீர்க் கருவி கொடுக்கப் போகிறோம், நீங்களும் கைகொடுங்கள்" என்று கேட்டால், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுக்குமுன் சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் சுமக்கும் பெண்களைக் கலந்து கொண்டீர்களா? கருவி நிற்கப் போவது யாருடைய இடத்தில்? கெட்டுப் போனால் பழுது பார்க்க உள்ளூரில் யார் இருக்கிறார்? அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் நீரைப் பரிசோதிப்பதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், கொடுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியை அந்தப் பரிசோதனைக்கென்றே எழுதிக் கொடுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க அதிலே இடமிராது. ஆனாலும் குழாயின் மேல் சாயம் வெளுக்கும்போது திரும்பப் பூசுவதற்கு ஓர் ஆள் வருவார்.